முப்பது தகரமும் ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸும்

தலைநகர் மன்றோவியாவில் யாரோ ஒரு பெரிய மனிதரின் வாசலைக் காத்து நிற்கும் என் உடன்பிறந்த அண்ணன் முல்பாவுக்கு, ஊரிலிருந்து தங்கை கோர்ப்பு எழுதுவது. நான் சுகம், பிள்ளைகள் சுகம், ஓடையில் தண்ணீர் இருக்கிறது. நீயும் அண்ணியும் உன் இடுப்பு வலியும் சுகம்தானே? வலி சுகப்பட வேண்டாம், நீ சுகப்படு. கினி அகதி முகாமில் மூன்று மாதம் படித்த எழுத்து இது. கோழி கிளறிய மாதிரி இருந்தால் கோழியைத் திட்டு, என்னைத் திட்டாதே.

நீ வண்டிக்காரனிடம் கொடுத்தனுப்பிய பட்டியலும் பூட்ஸும் வந்து சேர்ந்தன. சண்டைக்காலத்தில் நம் அப்பா வீட்டுக்குத் தீ வைத்த கெர்குலா ஊர் திரும்பிவிட்டான் என்று நான் சொன்னதும் நீ குதித்த குதி இங்கே வரை கேட்டது. முப்பது கூரைத் தகரமும் பட்டியலில் உள்ள மற்ற சாமானும் அவன் தர வேண்டும், தராவிட்டால் அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை ஒரு கேன் பெட்ரோலோடு வந்து அவன் வீட்டைக் கொளுத்துவாய், அதுவரை அவன் என் காலைப் பிடித்துவிடாமல் நான் பார்த்துக்கொள்ள வேண்டும், அதுதானே? எனக்குத் தெரியாதா அண்ணா. காலைப் பிடித்துக் கிடப்பவனைத் தூக்கி நிறுத்தாமல் போனால் ஊர் காறித் துப்பும், தூக்கி நிறுத்திவிட்டாலோ வழக்கு அதோடு முடிந்தது, ஒரு வயிற்றுப் பிள்ளைகளில் ஒருத்தி தூக்கினால் எல்லோரும் தூக்கியதுதான். அதனால்தான் மழை ஒரு சொட்டு இல்லாத பிப்ரவரியில் முழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு திரிகிறேன். "கோர்ப்பு, ஆத்துல வெள்ளம் வரப்போவுதா, எங்களுக்கும் சொல்லேன்" என்று ஊரே கேட்கிறது.

பஞ்சாயத்துக் கொட்டகையில் பட்டியலை நானே படித்தேன். தகரம் முப்பது, சரி என்றார்கள். கதவு இரண்டு, உரல் ஒன்று, தையல் மிஷின் ஒன்று, எல்லாம் சரி. அடுத்து பிரிட்ஜ் என்று படித்தேன் பார், ஊர்த்தலைவர் சூமோ எழுந்தே நின்றுவிட்டார்.

"பிரிட்ஜா? ஏம்மா, இந்த ஊருக்கு இன்னிக்கு வரைக்கும் கரண்டே வரலையே?"

"அண்ணன் எழுதியிருக்குது, நான் படிக்கிறேன்" என்றேன்.

"அப்போ அது உள்ள என்ன பண்ணிக்கிட்டு இருந்துச்சு? ஈ ஓட்டிக்கிட்டு இருந்துச்சா?" என்றாள் பின்னாலிருந்து யாமா அக்கா. கொட்டகையே சிரித்தது. உன் மானத்தைக் காப்பாற்ற நானும் சிரித்தேன்.

கெர்குலா மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து சொன்னான்: "நான்தான் கொளுத்தினேன். அப்ப எனக்குப் பதினாறு வயசு. பக்கத்து வீட்டுக்குத் தீ வச்சாத்தான் நீ எங்க ஆளுன்னு துப்பாக்கிக்காரங்க சொன்னாங்க. பக்கத்து வீடு இவங்களோடதா இருந்துச்சு. வேற சொல்ல எங்கிட்ட ஒண்ணுமில்ல." சொல்லிக்கொண்டே நேராக என்னிடம் வந்து விழுந்து பிடித்துவிட்டான், பூட்ஸை. பூட்ஸ் காலா இல்லையா என்று பெரியவர்களுக்குள் சண்டை. "உள்ள கால் இருக்குதுல்ல?" என்கிறார் ஒருவர். "பானைக்குள்ள சோறு இருந்தா பானையவா திங்கிறே?" என்கிறார் இன்னொருவர். அவர்கள் முடிவு செய்வதற்குள் நான் காலை உருவிக்கொண்டு, ஒற்றைப் பூட்ஸோடு வீட்டுக்கு ஓடிவிட்டேன். ஐம்பது வயதில் நான் ஓடிய ஓட்டத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

மறுநாள் விடிந்ததும் அந்தப் பூட்ஸ் கழுவித் துடைத்து என் வாசலில் இருந்தது. அவன் நம் பழைய வீட்டு மனையில் புதர் வெட்டிக்கொண்டிருந்தான். அன்றிலிருந்து தினமும் வருகிறான், மண் மிதிக்கிறான், மண்கல் அறுத்துக் காயவைத்துச் சுவர் எழுப்புகிறான். நான் தூரத்தில் நின்று திட்டுவதோடு சரி. இன்றுவரை என் கால் யார் கையிலும் சிக்கவில்லை. நீ நிம்மதியாக இரு.

ஆனால் பெட்ரோல் விஷயம் ஒன்று சொல்ல வேண்டும். அவன் வீடு கூரை வீடு, காற்று வடக்கிலிருந்து அடிக்கிறது, அவன் வீட்டுக்குத் தெற்கே யாமா அக்கா நெல்குதிர், அதற்குத் தெற்கே நான். நெருப்பு உன் பட்டியலைப் படித்துப் பார்த்துவிட்டா போகும்? அந்தக் கூரைக்குக் கீழே அவன் பெண்டாட்டி ஏழு மாதம்.

இன்னொன்றும் சொல்கிறேன், கோபப்படாதே. அப்பா வீட்டுப் புகையை நெல்வயலில் நின்று பார்த்துவிட்டு, அம்மாவை முதுகில் தூக்கிக்கொண்டு கினிக்கு ஓடினாயே, மூன்றாம் நாள் மழையில் ஆளில்லாத ஒரு வீட்டில் ஒதுங்கினோம், ஞாபகம் இருக்கிறதா? விறகெல்லாம் நனைந்து கிடந்தது. நீ அந்த வீட்டுக் கதவைக் கழற்றிப் பிளந்தாய். நல்ல கதவு, மீன் செதுக்கியிருந்தது. அதில் கஞ்சி காய்ச்சினோம், அம்மா குடித்தாள், அதற்குப் பிறகு பத்து நாள் உயிரோடு இருந்தாள். உன்னைக் குறை சொல்லவில்லை, பிளந்ததை அடுப்பில் செருகியவள் நான்தான். அந்தக் கதவுக்காரன் எந்த ஊரில் உட்கார்ந்து பட்டியல் எழுதுகிறானோ. எழுதினால் அவனும் ஒரு பிரிட்ஜ் சேர்த்திருப்பான்.

இருந்தாலும் மூத்தவன் நீ, முடிவு உன்னுடையது. காலைப் பத்திரமாக வைத்துக்கொண்டு காத்திருக்கிறேன். கடவுள் உன் இடுப்பை நிமிர்த்தட்டும், அண்ணி சட்டி காலியாகாமல் இருக்கட்டும், போய்ச்சேர்ந்த நம் பெரியவர்கள் உன் வழிக்கு முன்னால் நடக்கட்டும்.

இப்படிக்கு
உன் தங்கை கோர்ப்பு

பின்குறிப்பு: இதைக் கொண்டுபோக வேண்டிய வண்டி இரண்டு நாளாக வரவில்லை, அதற்குள் ஒன்று நடந்துவிட்டது. அந்த மடையன் வாசலை வடக்குப் பார்த்துக் கட்டிவிட்டான். நம் அப்பா வாசல் கிழக்கு இல்லையா? பொறுக்க முடியாமல், "அங்க இல்லடா, இங்க!" என்று இறங்கிப் போனேன். மிதித்து வைத்த சேற்றில் இரண்டு பூட்ஸும் புதைந்துவிட்டன. இழுத்தேன், கால் மட்டும் வெளியே வந்தது. அவன் சேற்றோடு பிடித்துக்கொண்டான். விடவில்லை. "அக்கா" என்று அழுதான். ஊரே பார்த்துக்கொண்டு நின்றது அண்ணா. தூக்கி நிறுத்திவிட்டேன். சமாதானத்துக்கு வெள்ளைக் கோழி அடித்தாயிற்று, மூத்தவன் பங்காக உனக்குக் கழுத்து எடுத்து உலர்த்தி வைத்திருக்கிறேன். சனிக்கிழமை கட்டாயம் வா. பெட்ரோல் வேண்டாம், தகரத்துக்கு ஆணி வாங்கி வா, இங்கே கிடைப்பது வளைகிறது. தகரம் அறுவடைக்கு அறுவடை கொஞ்சமாகத் தருகிறானாம். இன்னொன்று, அவன் சிரிக்காமல் கேட்கிறான்: பிரிட்ஜுக்கு எந்த மூலையில் இடம் விட வேண்டுமாம், உடனே சொல்லியனுப்பு.