சட்டிக்குள் எத்தனை நண்டு?

வவுணதீவுப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பு முழுவதற்கும் பின்னக் கணக்குப் படிப்பித்தவன் நான். பொய். நான் ஐந்தோடு நின்ற ஆட்டோக்காரன். படிப்பித்தவர் நண்டு சேர். நான் செய்த உதவி, விளங்காமல் இருந்ததுதான்.

இந்த வாவியில் பிறந்த நண்டுகளில் சேரின் கணக்குக்குள் போகாத நண்டு கிடையாது. கூட்டலுக்கு நண்டுக் கல்யாணம், கழித்தலுக்கு நண்டுச் செத்தவீடு. தினமும் காலையில் கல்லடியில் என் ஆட்டோவில் ஏறுவார். வகுப்பில் சொல்லப்போகிற கதையை முதலில் என்னிடம் சொல்லிப் பார்ப்பார்.

"ஏன் சேர் எனக்கு?"

"உனக்கு விளங்கினா ஆருக்கும் விளங்கும் மனே."

இதைப் பாராட்டு என்றுதான் ஒரு வருடம் நினைத்திருந்தேன்.

கதை நல்ல இடத்துக்கு வந்ததும் கணக்கு ஒன்று குறுக்கே விழும். விடை சொல்லாவிட்டால் கதை நகராது. சின்னான் என்ற நண்டும் கூட்டாளிகளுமாக இருபத்துநாலு பேர் வலையில் மாட்டினார்கள். அரைவாசிப் பேர் தப்பிவிட்டார்கள். மிச்சத்தில் மூன்றில் ஒரு பங்கு சட்டிக்குள்.

"சட்டிக்குள்ள எத்தின பேர்?"

எனக்குத் தெரியவில்லை. சந்தையில் நண்டு விற்கிற அக்காவின் கூடைக்குள் கைவிட்டு எண்ணிப் பார்த்தேன்.

"வாங்கப் போறியா, பேர் வைக்கப் போறியா?" என்றார் அக்கா. விரலைக் கடித்தது நண்டுதான், அக்கா இல்லை.

ஒரு நாள் சேர் ஏறினார். வலையிறவுப் பாலம் வந்தும் ஒரு நண்டுகூட அவர் வாயிலிருந்து வரவில்லை.

"சின்னான் எங்க சேர்?"

"நேத்துக் கல்விக் கந்தோர் அதிகாரி வந்தவர் மனே. கதையை விட்டுட்டுக் கரும்பலகையில எழுதுங்க எண்டுட்டார். இண்டைக்குத் திரும்ப வாறார். இனிக் கதை இல்ல."

அவரை இறக்கிவிட்டுத் திரும்பினால், பாலத்தடியில் ஒருவர் செத்துப்போன மோட்டார் சைக்கிளோடு நிற்கிறார். கையில் கோப்பு. சேரின் பள்ளிக்கூடத்துக்குத்தான் போக வேண்டுமாம். அதிகாரியேதான். ஏற்றினேன். சும்மா இருக்கிற வாயா இது? சின்னான் கதையைத் தொடங்கி, சட்டி அடுப்பில் ஏறுகிற இடத்தில் நிறுத்தினேன்.

"பிறகு?"

"சட்டிக்குள்ள எத்தின பேர் எண்டு செல்லுங்க சேர். செல்லாட்டிக் கதை ஓடாது."

"நீ முதல்ல ஆட்டோவை ஓட்டு."

கண்ணாடியில் பார்த்தேன். கோப்பின் பின்பக்கத்தில் மனிசன் வகுத்துக்கொண்டிருந்தார்.

"நாலு. சின்னான் அதுக்குள்ளயா?"

"தெரியா சேர். மிச்சம் வகுப்பிலதான்."

நேரே போய்க் கடைசி வாங்கில் உட்கார்ந்தாராம். "கரும்பலகை கிடக்கட்டும். அந்த நண்டுக்கு என்ன நடந்தது?" என்று கேட்டாராம்.

அன்றிலிருந்து நண்டுகள் திரும்பவும் என் ஆட்டோவில் ஏறிவிட்டன. அதிகாரி வகுத்ததைப் பார்த்து எனக்கும் பின்னம் பிடிபட்டுவிட்டது. சேரிடம் சொல்லவில்லை. சொன்னால், கதை சொல்லிப் பார்க்க வேறு மண்டைக்கு எங்கே போவார்?

சின்னான் என்ன ஆனான் என்றுதானே கேட்கிறீர்கள்? தண்ணீர் சுடுகிறது. சட்டி மூடி மெல்ல அசைகிறது. அதற்குள்ளிருந்து ஒரு கால்...

"மனே, பெல்லடிக்கப் போகுது. வாறியா?"

சேர் கூப்பிடுகிறார். போக வேண்டும். இன்றைக்கும் எனக்கு ஒன்றும் விளங்கக் கூடாது.