ஆராய்ச்சிக்குப் போன மீன் குழம்பு

கொட்டாம்பட்டி
9-5-1983

படிப்பிலும் பண்பிலும் குறைவில்லாத மாப்பிள்ளை முத்திருளன் அவர்களுக்கு, மாமன் பேச்சிமுத்து எழுதிக்கொண்டது. இங்கு மாடு, கன்று, கோழி யாவும் நலம். என் நலத்தைக் கீழே எழுதியிருக்கிறேன்.

சென்ற மாதம் விருந்துக்கு வந்தீர்கள். உங்கள் அத்தை செல்லத்தாய் கண்மாய் விராலில் மாங்காய் போட்டுக் குழம்பு வைத்து இலையில் ஊற்றிய கையோடு, நீங்கள் "கொக்கு செத்துக் கெடந்துச்சே, அந்தக் கண்மாய் மீனா?" என்று கேட்டு, பச்சை மீன் மிச்சமில்லை என்றதும், ஒரு வாய்கூட வைக்காமல், பையிலிருந்து கண்ணாடிப் புட்டியை எடுத்து இரண்டு துண்டைக் குழம்போடு அள்ளி மூடிக்கொண்டீர்கள். வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்து மழைத்தண்ணீரோடு கண்மாயில் இறங்கி மீனில் சேருகிறது, அதைத் தின்ற கொக்கு சாகிறது, மனுஷனுக்கும் ஆகாது, அதைச் சோதிப்பதுதான் உங்கள் உத்தியோகம் என்று எனக்கு விளங்கியது. உங்கள் அத்தைக்கு விளங்கியது வேறு. "மருமகன் என் கைப்பக்குவத்தச் சோதிக்கக் கொண்டுபோறாரு" என்று உட்கார்ந்துவிட்டாள்.

அன்றிலிருந்து வீட்டில் மீன்சட்டி ஏறவில்லை. "ரிசல்ட்டு வரட்டும், அதுவரைக்கும் கஞ்சிதான்" என்கிறாள். எனக்கு அரைஞாண் கயிறே இடுப்பில் நிற்கமாட்டேன் என்கிறது. இதற்குள் சேதி ஊரெல்லாம் பரவி, சோணையம்மாள் தன் மருமகள் வைத்த ரசத்தைச் செம்பில் கொண்டுவந்து, "எம் மகன் பொண்டாட்டி பேச்சத்தாண்ணே கேக்குறான், இதுல அவ என்னத்தக் கலந்திருக்கான்னு ஒங்க மாப்ளயப் பாக்கச் சொல்லுங்க" என்றாள். மறுநாள் அந்த மருமகள் மாமியார் வைத்த புளிக்குழம்போடு வந்து நிற்கிறாள்! கருத்தக்கண்ணன் ஒரு பாட்டில் சாராயம் கொண்டுவந்தான். அதற்கு மதுரையில் உங்கள் ஆபீஸ் வரை போவானேன் என்று நானே சோதித்துவிட்டேன்.

சிரிக்காதீங்க மாப்ள. முந்தாநாள் அரிசி புடைக்கும்போது ஒங்க அத்த அழுதுட்டா. "முப்பது வருசமா இந்தக் கையாலதான சாப்பிடுறீக, ஒரு நாளாச்சும் வயிறு வலிச்சிருக்கா?"ன்னு கேட்டா. சத்தியமா இல்லைன்னேன். "நீங்க எதத் தின்னாலும் வலிக்காது, ஒங்க சாட்சி செல்லாது"ன்னுட்டா. எனக்கே மனசு கேக்கல. குழம்பில் குறையில்லை என்று ஒரே ஒரு வரி, முடிந்தால் ஆபீஸ் முத்திரை குத்தி, எழுதிப் போடுங்கள். உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்.

மகள் மலையம்மாளுக்கு எங்கள் ஆசீர்வாதம். அழகர் புண்ணியத்தில் கே.கே. நகர் வீட்டில் இருவரும் நீடூழி வாழ வேண்டும். அவள் வைக்கும் குழம்பையாவது புட்டியில் ஊற்றாமல் இலையில் ஊற்றிச் சாப்பிடுங்கள்.

இப்படிக்கு,
கஞ்சி குடிக்கும் மாமன்,
பேச்சிமுத்து

பின்குறிப்பு: இதை ஒட்டப்போகும் நேரத்தில் உங்கள் கார்டு வந்தது. "மீனில் பூச்சிமருந்து நிறைய இருக்கிறது. அந்தக் கண்மாய் மீனை யாரும் தொடவேண்டாம். அத்தையின் குழம்பில் ஒரு குறையும் இல்லை." நான் பாவி, ஆசையில் கடைசி வரியை முதலில் வாசித்துத் தொலைத்தேன். மீதியைக் கேட்க அவள் நிற்கவில்லை. கூடையை எடுத்துக்கொண்டு கண்மாய்க்கு ஓடி, ரெண்டு விராலோடு வந்து, இப்போது குழம்பு கொதிக்கிறது. ஒரு மாசத்துக்கு அப்புறம் இன்றைக்குத்தான் சிரிக்கிறாள். அந்த முகத்தைப் பார்த்து மற்ற ரெண்டு வரியை எப்படி வாசிப்பேன்? வயிற்றுவலி என்று தப்பிக்கலாமென்றால், முப்பது வருஷமாக வலித்ததே இல்லை என்று நானே சத்தியம் பண்ணியிருக்கிறேன். அவ இலை போட்டுட்டா, மாப்ள.