முன்தண்டும் ஒரு ஜோடி ஜெல் பேடும்

சென்னையில் நடக்கத் தெரிந்தவர் ஒரே ஓர் ஆள்தான். மீதிப் பேரெல்லாம் ஏதோ ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போய்ச் சேருகிறோம், அவ்வளவுதான். இது என் கருத்து இல்லை, அந்த ஆளே சொன்னது. முதலில் கேட்டபோது சிரித்தேன். நாலைந்து வருஷம் அவரோடு டீக்கடைக்கு நடந்த பிறகு சிரிப்பதை விட்டுவிட்டேன்.

அவருக்கு முன்தண்டு என்று பெயர். வருகைப் பதிவேட்டில் வேறு ஏதோ எழுதியிருந்தார்கள், அது யாருக்கும் ஞாபகமில்லை. தி.நகரில், பாண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு சந்தில், பள்ளிப் பிள்ளைகளுக்கு நோட்ஸ் அச்சடித்து விற்கும் பதிப்பகத்தில் நான் பிழை திருத்துபவன். அவர் கீழே குடோன் பொறுப்பு. மயிலாப்பூர்க்காரர். கோயில் திருவிழாவில் சுவாமியைத் தோளில் சுமக்கும் கோஷ்டியில் இருபது வருஷமாக இருந்தார். சுவாமி வரும் வாகனத்தின் அடியில் நீளமாக இரண்டு மரத்தண்டுகள் ஓடும் அல்லவா, அதில் இடது தண்டின் முன்முனை அவருடைய இடம். இதைச் சொல்லாமல் அவர் தன்னை யாருக்கும் அறிமுகம் செய்துகொண்டதில்லை. வங்கியில் கணக்குத் தொடங்கப் போனபோது, தொழில் என்ற இடத்தில் ‘லெஃப்ட் முன்தண்டு’ என்று எழுதிக் கொடுத்து, கவுண்டரில் இருந்த பெண் அதை அடித்துவிட்டாள் என்று இரண்டு நாள் வருத்தமாக இருந்தார்.

அவரோடு டீக்கடைக்குப் போவது லேசான காரியம் இல்லை. இருவரும் ஒரே காலை ஒரே நேரத்தில் எடுத்து வைக்க வேண்டும். நான் ஆதம்பாக்கத்திலிருந்து தினமும் பரங்கிமலை வந்து, ரயிலேறி, மாம்பலத்தில் இறங்கி, ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் இடிபட்டு வருகிறவன். எனக்குக் கால் என்பது கூட்டம் தள்ளுகிற பக்கம் போவதற்கு. அவர் பாதி வழியில் நின்றுவிடுவார்.

“சார், நீ வலது கால்ல போய்க்கினு கீற. நா எடது. சாமி மேல இருந்தா இன்னேரம் கீழ வந்துருப்பாரு.”

“மேல யாரும் இல்லையேப்பா.”

“இல்லன்னு இன்னா நிச்சயம்?” என்று கேட்டுவிட்டு, நான் காலை மாற்றும்வரை காத்திருப்பார். மெட்ரோ வேலைக்காகத் தோண்டிப் போட்ட சாலையில், பின்னால் ஆட்டோக்காரர் ஹாரனை விடாமல் அழுத்திக்கொண்டிருக்க, நான் காலை மாற்றியிருக்கிறேன்.

ஒரு மழையில் எங்கள் சந்தில் முழங்காலுக்கு மேல் தண்ணீர் நின்றது. மானேஜருக்குச் சர்க்கரை, காலில் ஆறாத புண். தண்ணீரில் இறங்கக் கூடாது. ஆள் வேறு நல்ல ஸ்தூல சரீரம். முன்தண்டு யாரையும் கேட்கவில்லை. பக்கத்துக் கட்டடத்தில் சாரம் கட்ட வைத்திருந்த சவுக்குக் கழிகளில் இரண்டைக் கொண்டுவந்து, மானேஜர் நாற்காலியின் கைகளுக்கு அடியில் கட்டி, குடோன் ஆட்கள் மூன்று பேரோடு தூக்கிவிட்டார். தூக்கியவர் சும்மா நடந்திருக்கலாம். பழக்க தோஷம், சுவாமி புறப்பாட்டு நடை வந்துவிட்டது. இந்தப் பக்கம் ஒரு சாய்வு, அந்தப் பக்கம் ஒரு சாய்வு. மானேஜர் கண்களை இறுக மூடிக்கொண்டார். எதிரே வந்த ஓர் அம்மா, அந்த முழங்கால் தண்ணீரிலும் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஒதுங்கி நின்றார். பிரதான சாலையில் இறக்கி வைத்தபோது மானேஜர் கையிலிருந்த காபி டம்ளரில் ஒரு சொட்டுக் குறையவில்லை என்று ஆபீசில் இன்றும் சொல்வார்கள். பாதி குறைந்திருந்தது, நான் பார்த்தேன்.

இப்படிப்பட்டவர் ஒரு வருஷம் பொங்கல் கழிந்ததும் என்னோடு டீக்கு வருவதைக் குறைத்தார். வந்தாலும் என் காலைத் திருத்தவில்லை. எனக்கு அது ஒரு மாதிரி இருந்தது. பக்கவாட்டில் கவனித்தேன். இடது பாதத்தை முழுதாக ஊன்றாமல் ஓரத்தில் வைத்து எடுத்தார். அந்தக் காலின் ஒவ்வொரு மூன்றாவது அடியிலும் ஒரு சின்ன இழுப்பு. வாழ்நாளெல்லாம் அடுத்தவர் பிழையைத் தேடியே சம்பளம் வாங்குகிறவன் நான், இதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று வாரம் ஆகியிருந்தது.

விரல்களுக்குப் பின்னால், பாதத்தின் சதைப்பற்றான முன்பகுதியில் வலி. எழுந்து முதல் அடி வைத்தால் கூழாங்கல்லை மிதித்த மாதிரி இருக்கும் என்றார். எனக்கும் அதே இடத்தில் வலி வந்து போனதுதான். ஆனால் எனக்கு வந்தால் ஒரு நாள் லீவு, அவருக்கு வந்தது அப்படியில்லை. தை மாசப் பிரதோஷத்தன்று கோயிலுக்குள் சின்ன வாகனம் சுற்றிவந்தபோது இவருடைய இழுப்பில் சுவாமி ஒரு பக்கமாகக் குலுங்கி, மாலை சரிந்துவிட்டது. கோஷ்டித் தலைவரை எல்லாரும் அண்ணாத்தே என்பார்கள். அவர் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார்: பங்குனித் திருவிழாவுக்குள் கால் சரியானால் தண்டுக்கு வா, இல்லாவிட்டால் குடை பிடி.

“கொட புடிக்கிறது தப்பு இல்ல சார்,” என்றார் முன்தண்டு. “ஆனா இருவது வருசமா எந்தோள்ல வந்தவரு. இப்ப நா பக்கத்துல கொடைய புடிச்சிக்கினு போனா, யார்ரா இவன்னு பாக்க மாட்டாரா?”

எனக்கு மருத்துவர் எழுதிக்கொடுத்திருந்த ஜெல் பேடில் ஒரு ஜோடி மிச்சமிருந்தது. மறுநாள் கொண்டுவந்து கொடுத்தேன். மெத்தென்று, உள்ளங்கையில் பாதி அளவுக்கு இருக்கும். செருப்பின் உள்ளே ஒட்டிக்கொள்ள வேண்டும். அவர் வலிக்கிற இடத்துக்கு நேர் கீழே ஒட்டிக்கொண்டு மூன்று நாள் நடந்தார். வலி இரட்டிப்பானது. நாலாவது நாள் பேடைக் கொண்டுவந்து என் மேஜையில், நான் திருத்திக்கொண்டிருந்த ஏழாம் வகுப்பு அறிவியல் மேலேயே வைத்தார்.

பெட்டிக்குள் இருந்த குறிப்புத்தாளை அப்போதுதான் பிரித்தேன். தமிழில் ஐந்து வரி, மூன்று பிழை. சிவப்புப் பேனாவை எடுத்துத் திருத்த ஆரம்பித்துவிட்டேன்.

“சார், தப்ப அப்பறம் பாரு. இன்னா எழுதிக்கீதுன்னு படி.”

வலியுள்ள இடத்தின் மேல் வைக்கக் கூடாது, அதற்குச் சற்றுப் பின்னால், குதிகால் பக்கமாகத் தள்ளிப் பொருத்த வேண்டும் என்று எழுதியிருந்தது. எனக்கு மருத்துவரே ஒட்டிக் கொடுத்துவிட்டதால் நான் அதைப் படித்ததே இல்லை. முன்தண்டு நம்பவில்லை. வலிக்கிறது இங்கே, வைப்பது அங்கேயா, இது எந்த ஊர் நியாயம் என்றார். என் வற்புறுத்தலுக்காக ஒரு விரற்கடை பின்னால் தள்ளி ஒட்டிக்கொண்டு, படிக்கட்டு வரை போய்த் திரும்பினார். திரும்பியவர் இடது காலை இன்னொரு முறை அழுத்தி ஊன்றிப் பார்த்தார்.

“சார், கீழேர்ந்து யாரோ தோள் குடுக்கற மாதிரி கீது சார்.”

வலிக்கு நேரே கை வைப்பதுதான் ஆறுதல் என்று நானும் அதுவரை நினைத்திருந்தேன். வீட்டில் யாராவது முகம் வாடியிருந்தால் நேராகப் போய் என்ன என்ன என்று குடைகிறவன் நான். ஒரு விரற்கடை தள்ளி நின்று தாங்கலாம் என்பதை அன்றைக்குத்தான் கொஞ்சம் யோசித்தேன்.

அவருக்கு யோசனையெல்லாம் இல்லை, தான் பெற்ற இன்பம் பெறுக இவ்வையகம் என்று கிளம்பிவிட்டார். ஒரு பழைய யோகா பாயை வாங்கி வந்து, அரிவாள்மனையில் வட்ட வட்டமாக நறுக்கி, எங்கள் ஆபீஸ் வாசலில் கழற்றி விட்டிருந்த எல்லார் செருப்பிலும் சொல்லாமல் ஒட்டிவைத்தார். சாயங்காலம் ரகளை. காலை நுழைத்தவர்கள் எல்லாரும் இது என் செருப்பில்லை என்று உதறிவிட்டு அடுத்த ஜோடியைப் போட்டுப் பார்த்தார்கள். அதுவும் அவர்களுடையதாக இல்லை. மேற்கு மாம்பலத்துக்கு நடந்தே போகும் அக்கவுண்டண்ட் அம்மாள், அழாத குறையாக மானேஜரின் செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். முன்தண்டு குடோன் வாசலில் நின்று எல்லார் நடையையும் திருப்தியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

செருப்புக்குள் இருக்கிற வரை பிரச்சினை தீர்ந்தது. ஆனால் சுவாமியை வெறுங்காலில்தான் சுமக்க வேண்டும். திருவிழாவுக்குப் பத்து நாள் இருக்கையில் அவருக்கு ஒரு வழி தோன்றியது: பேடைப் பாதத்திலேயே வைத்து மருந்துக்கடை பிளாஸ்திரியால் சுற்றிவிடுவது. அப்படிச் சுற்றினால் அது காயத்துக்குக் கட்டிய கட்டா, காலில் போட்ட செருப்பா? அவருக்குத் தூக்கம் போய்விட்டது. சந்தேகத்தோடு தண்டைத் தொட மாட்டேன் என்றார். ஒரு சனிக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு குருக்களிடம் போனார்.

குருக்கள் பேடைத் தொடாமல் குனிந்து பார்த்தார். “ஜெல்லுக்கு சாஸ்திரத்துல என்ன சொல்லியிருக்குன்னு கேட்டா நான் எங்கப்பா போவேன்? கட்டுன்னா பேஷா கட்டிக்கோ. பாதரட்சைன்னா கூடாது. ரெண்டுல எதுன்னு தெரிஞ்சுண்டு வா.”

வெளியே வந்தோம். கோபுர வாசலுக்கு எதிரே செருப்பு ஸ்டாண்டில் ராணியம்மா உட்கார்ந்திருந்தார். எத்தனை வருஷமாகவோ அங்கே இருக்கிறவர். ஊரில் செருப்பைப் பற்றி அவரைவிட அதிகம் தெரிந்தவர் யார். முன்தண்டு ஜோடி பேடையும் பலகை மேல் வைத்தார்.

“யக்கா, இத்துக்கு டோக்கன் போடு.”

ராணியம்மா ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். அமுக்கிப் பார்த்தார். “இன்னா நைனா இது, பணியாரமாட்டம் கீது?”

“கால்ல வச்சிக்கிறது. டோக்கன் போடுவியா மாட்டியா, அத்த சொல்லு.”

“வாரு கெடியாது, அடித்தோல் கெடியாது. இத்த எவன் அட்ச்சிக்கினு போவான்? திருடறதுக்கு லாயக்கு இல்லாதது செருப்பே இல்ல நைனா. டோக்கன் கெடியாது. எட்த்துக்கினு போ.”

நான் முன்தண்டின் முகத்தைப் பார்த்தேன். ஹைகோர்ட்டில் கேஸ் ஜெயித்தவரைப் போல இருந்தார். திரும்ப உள்ளே போய்க் குருக்களிடம் தீர்ப்பை ஒப்பித்தார். குருக்கள், “அவ சொன்னா சரியாத்தான் இருக்கும்,” என்றார். அண்ணாத்தேயும் முன்தண்டை நாலு தடவை பிராகாரம் சுற்றவைத்துப் பார்த்துவிட்டு, சரி வா என்று சொல்லிவிட்டார்.

திருவிழாவன்று வடக்கு மாட வீதி முனையில், மோர்ப் பந்தலுக்குப் பக்கத்தில் இடம் பிடித்து நின்றேன். பங்குனி வெயிலில் தார் கொதித்தது. சுமப்பவர்களின் கால் சுடக் கூடாதென்று வீட்டுக்கு வீடு குடம் குடமாகச் சாலையில் தண்ணீர் ஊற்றினார்கள். சுவாமி வளைவு திரும்பினார். இடது தண்டின் முன்முனையில் அவர், கழுத்து நரம்பு புடைக்க, நெஞ்சை நிமிர்த்தி. அப்படி ஒரு நடை. இழுப்பு இல்லை, ஒன்றுமில்லை. எனக்கு ஏதோ நானே தூக்கிக்கொண்டு வருகிற மாதிரி பெருமையாக இருந்தது.

எங்கள் யாருக்கும் தண்ணீரைப் பற்றி யோசனை வரவில்லை. பிளாஸ்திரி ஊறி அவிழ்ந்து, இடது காலிலிருந்து பேடு நழுவியது. பின்னால் வந்தவர்களின் காலில் பட்டு உருண்டு என் எதிரே வந்து நின்றது. குனிந்து எடுத்தேன்.

“என்ன சார் விழுந்துது, பிரசாதமா?” என்று பக்கத்தில் நின்ற மாமி கையை நீட்டினார். மருந்து என்றேன். அப்படியானால் தனக்கும் கொஞ்சம் வேண்டும் என்றார். அதற்குள் நான் பார்வையைத் திருப்பிவிட்டேன். மூன்றாவது அடியில் அந்த இழுப்பு வந்திருந்தது. சுவாமி ஒரு பக்கம் வெடுக்கென்று குலுங்கினார். இன்னொரு முறை.

தோள் மாற்றுவதற்கென்றே ஆட்கள் கூடவே நடந்து வருவார்கள். ஒருவர் முன்னால் வந்து முன்தண்டின் தோளைத் தொட்டார். முன்தண்டு அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. தண்டைப் பிடித்த கையை இறுக்கிக்கொண்டார். வியர்வையா கண்ணீரா தெரியவில்லை, முகமெல்லாம் ஈரம். அண்ணாத்தே எதிரில் பின்னோக்கி நடந்தபடி அவருடைய காலையே பார்த்துக்கொண்டு வந்தார். இனி குடைதான் என்று நான் முடிவு செய்துவிட்டேன். அண்ணாத்தே கையை உயர்த்தி, மாற்று ஆளை விலகச் சொன்னார். பிறகு தண்டுகளின் கடைசிவரை கேட்கும்படி குரல் கொடுத்தார்.

“எல்லாரும் அவன் கால்ல நடங்கடா.”

அடுத்த மூன்றாவது அடியில் அத்தனை பேரும் இடது காலைக் கொஞ்சம் இழுத்தார்கள். குலுக்கல் நின்றுவிட்டது. தவில்காரர் ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டு, அந்த இழுப்புக்கு ஒரு தட்டுச் சேர்த்துக்கொண்டார். இரண்டு அடி வைத்து, மூன்றாவதில் சற்றே தயங்கி, சுவாமி நொண்டி நொண்டிப் போனார். எனக்குப் பின்னால் ஒருவர் தன் மனைவிக்கு விளக்கிக்கொண்டிருந்தார்: இது விசேஷ நடை, எல்லா வருஷமும் போட மாட்டார்கள், நம் அதிர்ஷ்டம்.

எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நானும் போட்டுக்கொண்டேன். யாரைப் பார்த்துப் போட்டுக்கொண்டேன் என்று கேட்டால், வீட்டில் சொன்ன பதில் வேறு, உண்மையான பதில் வேறு.