ஸ்பீக்கர்கள் பழகிய இடம்

வரவேற்பறையின் கிழக்குச் சுவரைக் கைப்பற்றியே தீர்வது என்று டுவேன் நவம்பரில் முடிவெடுத்தான். டுலூத் நகரில் நவம்பரில் எடுக்கிற முடிவுகளை வீட்டுக்குள்தான் நிறைவேற்றியாகவேண்டும். வெளியே முழங்கால் வரை பனி.

ஐம்பது வயதான ஸ்பீக்கர்கள் இரண்டு, இடுப்புயரத்துக்கு. வால்நட் மரப்பரப்பில் யாரோ பூந்தொட்டி வைத்த வெள்ளை வளையம். உள்ளே ஒலியெழுப்பும் கூம்பைச் சுற்றியிருந்த நுரைப்பஞ்சு வளையம், தொட்டால் பழைய கேக்காக உதிர்ந்தது. டுவேன் ஆறு வாரம் கீழ்த்தளத்திலேயே கிடந்தான். பழைய வார்னிஷைச் சுரண்டினான், உப்புத்தாளால் தேய்த்தான், எண்ணெய் ஏற்றினான், புது நுரை ஒட்டினான். மரம் தேனாக மின்னியது.

ஆனால் அவற்றை வைக்க அவன் குறித்திருந்த கிழக்குச் சுவரோரம், அவன் மனைவி மார்லிஸ் ஒட்டுத்துணிப் போர்வை தைக்கும் பெரிய மரச்சட்டம் பதினோரு வருடமாக அசையாமல் நின்றது.

"நூறே நூறு மணி நேரந்தான் மார்லிஸ். புது நுரை இளகணும். அதுவரைக்கும் பாடிக்கிட்டே இருக்கணும். வரவேற்பறையிலதான் பாடணும்."

"ஏன்யா, கீழ பாடினா கூச்சப்படுமா?"

"காத்தழுத்தம்னு ஒண்ணு இருக்கு. சொன்னா உனக்குப் புரியாது."

"நூறு மணி நேரம் முடிஞ்சதும் என் சட்டம் பழைய இடத்துக்கு வந்துரும்ல?"

டுவேன் இருமினான்.

"நாளைக்குச் சொல்றேன்" என்றாள் மார்லிஸ், ஊசியில் நூல் கோத்தபடி.

டுவேனுக்கு ஒரு பலவீனம் உண்டு. பழைய ஸ்பீக்கர் பித்தர்களின் இணைய மன்றத்தில் அவன்தான் 'வால்நட் பேராசான்'. அங்கே யாராவது தப்பாக எழுதிவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது. அன்று மாலை 'ஊசிமுனை' என்றொரு புதியவர் கேட்டிருந்தார்: "நுரை மாற்றிய ஸ்பீக்கர்களை வரவேற்பறையில்தான் பழக்கவேண்டும் என்கிறார் ஒருவர். உண்மையா? எவ்வளவு காலம் பழக்குவது?"

டுவேனுக்கு ரத்தம் கொதித்தது. அது அவனே சொன்ன பொய்தான் என்பது நினைவில்லாமல் இல்லை. ஆனால் எழுத்தில் பார்த்தபோது அது பொறுக்கமுடியாத பிழையாக இருந்தது. கேட்டவரின் பெயரைக் கவனிக்கும் நிலையிலெல்லாம் அவன் இல்லை.

"அவர் மூடர், அல்லது புளுகர்" என்று தொடங்கி நான்கு பத்தி எழுதினான். "பெட்டிகளை முகத்தோடு முகம் ஒட்டி வையுங்கள். ஒன்றுக்கு மட்டும் பிளஸ், மைனஸ் கம்பிகளை மாற்றிக் கொடுங்கள். ஒன்று தள்ளும்போது மற்றது இழுக்கும். ஓசை பெரும்பாலும் அடங்கிவிடும். மேலே கனத்த போர்வை. கீழ்த்தளம் உத்தமம். எவ்வளவு அதிக காலமோ அவ்வளவு நல்லது."

எழுதியபின் சோறு இறங்கியது.

மறுநாள் வாசலில் பனி தள்ளிவிட்டுக் கீழ்த்தளத்துக்குப் போனான். இரண்டு பெட்டிகளும் முகத்தோடு முகம் ஒட்டி, பூப்போட்ட போர்வைக்குள் முனகிக்கொண்டிருந்தன. பக்கத்தில் மார்லிஸ், கையில் அச்செடுத்த காகிதம்.

"பாத்தியா? ஒண்ணு ஆமாங்குது, ஒண்ணு இல்லைங்குது. அப்படியும் வீடு அமைதியா இருக்கு. நாம கத்துக்கணும்யா."

"எவனோ மடையன் எழுதினதை நம்பி..."

"மடையனா? வால்நட் பேராசான்யா! பன்னிரண்டாயிரம் பதில் எழுதினவர். நான் கேட்ட அரை மணி நேரத்துல பதில் போட்டாரு. தப்பிருந்தா நீயே கண்டுபிடிச்சுச் சொல்லு, சட்டத்தை இன்னிக்கே எடுத்துடறேன்."

டுவேன் காகிதத்தை வாங்கி இரண்டு முறை படித்தான்.

ஒரு பிழைகூட இல்லை.