ஊமைப்பட அம்மாவின் ஒரே வசனம்

சினிமாவில் ஒரு பெரிய நடிகைக்குப் பின்னணிக் குரல் கொடுத்தவன் நான். சரி, பொய். அவர் பெரிய நடிகை இல்லை, நான் குரல் கொடுத்தது சினிமாவிலும் இல்லை. காட்டுப்பாக்கத்தில் அவர் வீட்டு முன்னறையில், ஒரு மண்டை ஓட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கொடுத்தேன்.

ஆனால் இது சத்தியம்: அவரைப் போல அழ இந்த உலகத்தில் ஒருத்தி பிறக்கவில்லை. எந்தப் படத்திலும் எழவு சீன் என்றால் பிணத்துக்குப் பக்கத்தில் அவர்தான். கிளிசரின் வேண்டாம். வசனமும் கிடையாது, ஒரு படத்தில்கூட. “நான் நடிச்சது எல்லாமே ஊமைப்படந்தான்டா” என்பார். தெருவுக்கே அவர் ஊமைப்பட அம்மா.

வாய்ப்பு நின்றதும் மாந்திரீகத்தில் இறங்கினார். சிவப்புப் புடவை, எலுமிச்சம்பழம், ஷூட்டிங்கில் தூக்கிப்போட்ட பிளாஸ்டர் மண்டை ஓடு. அருள் வந்தால் பேசமாட்டார், முகத்தால்தான் குறி. அதை விளக்கிச் சொல்ல ஆள் வேண்டுமே? வாசலில் என் ஷேர் ஆட்டோவுக்குள் தூங்கிக்கொண்டிருந்த என்னைப் பிடித்தார். எனக்கு எழுத்துப் படிக்கத் தெரியாது. இதைக்கூட போனில் பேசுகிறேன், அது எழுதிக்கொள்கிறது. எனக்குப் போய் முகம் படிக்கும் உத்தியோகம்!

அம்மாவுக்குத் தெரிந்த முகமோ ஒன்றே ஒன்று. கல்யாணம் கூடுமா என்றாலும் அழுவார், வேலை கிடைக்குமா என்றாலும் அழுவார்.

“ஆனந்தக் கண்ணீரு நைனா! ஆத்தா உருகிட்டா, வேலை உனக்குத்தான்!” என்று நான் அடித்துவிடுவேன். திருவேற்காட்டிலிருந்து வேன் பிடித்து வந்தார்கள்.

“கொஞ்சம் சிரிச்சாத்தான் இன்னாம்மா?” என்று ஒருநாள் கேட்டேன்.

“எவன்டா சிரிக்கச் சொன்னான்? எல்லா டைரக்டரும் அழுன்னுதான் சொன்னானுங்க.”

ஒரு வெள்ளிக்கிழமை, கரையான்சாவடியில் பூ விற்கும் பெண் வந்தாள். புருஷனுக்கு இதயத்தில் அடைப்பு, மறுநாள் ஆபரேஷன்.

“கையெழுத்துப் போடச் சொல்றாங்கம்மா. பண்ணா பொழைப்பாரா? ஆத்தா வாணான்னா ஊட்டுக்கு இட்டாந்துடுறேன்.”

அம்மாவின் கன்னத்தில் தாரையாக ஓடியது. வாயைத் திறந்தேன். எப்போதும் வரும் ‘ஆனந்தக் கண்ணீரு’ அன்றைக்கு வரவில்லை.

“நீ ஒண்ணியும் சொல்ல வாணாண்ணா” என்று அவள் எழுந்துவிட்டாள். “எழவூட்டு மூஞ்சி எனக்குத் தெரியாதா? அந்த மனுசன் ஊட்டுலயே போவட்டும்.”

வாசலுக்குப் போய்ச் செருப்பையும் மாட்டிவிட்டாள்.

“ஏய், நில்லுடி!”

அறையே அதிர்ந்தது. பேசியது யாரென்று நான் மண்டை ஓட்டைப் பார்த்தேன். அம்மா எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

“இது ஆத்தா இல்லடி, நானு. உன்னப் பாத்தா பாவமா இருந்துச்சு, அழுதுட்டேன். எனக்கு அழுவறதத் தவுர ஒரு மண்ணும் தெரியாது. பொழைப்பானா மாட்டானான்னு டாக்டரக் கேளு. போய்க் கையெழுத்துப் போடு!”

குறி கேட்கக் கூடியிருந்த அத்தனை பேர் காதிலும் அது விழுந்தது.

“ஒண்டியாப் போவ பயமா கீதும்மா.”

“டேய், வண்டிய எடு” என்றார் அம்மா என்னிடம். மறுநாள் ஆபரேஷன் முடியும்வரை சிவப்புப் புடவையும் குங்குமமுமாக ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நர்ஸ் எங்கள் பக்கம் வரவே பயந்தாள்.

அந்த மனுஷன் பிழைத்தான். அம்மாவின் பிழைப்பு போனது. வாயைத் திறந்து ‘நான் ஆத்தா இல்லை’ என்று சொன்னவரிடம் யார் குறி கேட்பார்கள்? அடுத்த வெள்ளிக்கிழமை இருந்தது நானும் மண்டை ஓடும்தான்.

பூக்காரி மட்டும் வந்து ஒரு முழம் மல்லி வைத்துவிட்டு, விஷயத்தை ஊரெல்லாம் சொன்னாள். இப்போது ஆஸ்பத்திரிக்குத் துணையில்லாத பெண்கள் அம்மாவைக் கூப்பிடுகிறார்கள். அங்கே உட்கார்ந்து ஓயாமல் பேசுகிறார், அத்தனை படத்துக்கும் சேர்த்து. பூக்காரி கொடுக்கும் மல்லி மண்டை ஓட்டுக்குப் போகிறது. போன வாரம் அந்த மண்டை ஓட்டை என் வண்டியில் முன்சீட்டில் வைத்து ஓட்டிக்கொண்டு போக, பூந்தமல்லியில் ஒரு போலீஸ்காரர் கையைக் காட்ட, நான்—

“டேய், எவன்கிட்டடா கதை வுட்டுகினு கீற? அங்க ஒரு பொண்ணு ஒண்டியா குந்திகினு கீதாம், வண்டிய எடு!”

போன் அதையும் எழுதிவிட்டதாம். நான் அழிக்கவில்லை. அம்மாவுக்கு ஒரு வசனமாவது இருக்கட்டும்.