நான்காவது பாட்டில்

காலை ஆறு ஐம்பதுக்கு, நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்ளும் மாத்திரை பாட்டில் சமையலறை ஜன்னலில், மழை விட்ட வெயிலில் நின்றிருந்தது. மூடி சாய்ந்திருந்தது.

வெங்கடநாராயணன் அதைத் தொடவில்லை. குற்றம் நடந்த இடத்தைக் கலைக்கக் கூடாது.

"பாகீ."

பாகீரதி தோசைத் திருப்பியுடன் வந்தாள்.

"இது என்ன?"

"பாட்டில்."

"மூடி?"

"மூடித்தான் வெச்சேன். சரியாத் திரும்பலை போலிருக்கு."

"காத்து பட்டாப் போச்சு, வெயில் பட்டாப் போச்சு, ஈரம் பட்டாப் போச்சு. டாக்டர் சொன்னப்போ நீ எங்கே இருந்தே?"

"உங்க பக்கத்துலதான்."

"நெஞ்சை அடைக்கறச்சே வாயில போட்டா சாக்பீஸ் மாதிரி கிடக்கும். ஆளே போயிடலாம். புரியறதா?"

"புரியறது. கத்தாதேங்கோ, நெஞ்சுக்கு ஆகாது."

பாட்டிலை அப்படியே குப்பையில் போட்டார். பாலிகஞ்ச் ஸ்டேஷன் பக்கத்து மருந்துக்கடைக்குக் குடையுடன் நடந்தார்.

இரண்டாவது பாட்டிலின் மேல் திறந்த தேதியை எழுதி, கூடத்து அலமாரியின் பின்வரிசையில் வைத்தார். மூன்றாம் நாள் அது ஃபிரிட்ஜில், மோருக்கும் கடுகு விழுதுக்கும் நடுவில் வியர்த்துக்கொண்டிருந்தது.

"ஷெஃபாலி."

கேனிங் லோக்கல் ரயிலில் தினம் வீட்டு வேலைக்கு வருகிறவள். பதினெட்டு வருஷத்தில் அந்த வீட்டுத் தமிழையே பிடித்துக்கொண்டுவிட்டாள்.

"நான்தான் வெச்சேன், மாமா. இந்த மழையில பிஸ்கட்டே நமுத்துப் போறது. மாத்திரை போகாதா?"

"எடுத்து எடுத்து வெச்சா உள்ளே தண்ணி கோக்கும். உன்னை யார் கேட்டா?"

"நல்லதுக்குத்தான் வெச்சேன்."

"எனக்கு யாரும் நல்லது பண்ண வேண்டாம்."

மூன்றாவது பாட்டிலுக்கு மேல் ஒரு காகிதம் ஒட்டினார். 'இடத்தை மாற்றாதே.' தமிழில், பெங்காலியில், இங்கிலீஷில். பாட்டில் இடம் மாறவில்லை. அதிலிருந்து பத்து மாத்திரைகள் மட்டும் பிளாஸ்டிக் குங்குமச் சிமிழுக்கு மாறி, சிவந்துபோய், பாகீரதியின் கைப்பையில் கிடைத்தன.

"இடத்தை மாத்தாதேன்னுதானே எழுதியிருந்தேள். பாட்டில் அங்கேயேதானே இருக்கு."

"கண்ணாடியை விட்டு வெளியில வந்தா வீரியம் போயிடும்டி. அதுவும் பிளாஸ்டிக்ல. அதுவும் குங்குமத்துல."

"கோயில், கடைன்னு போனா வேண்டாமா?"

"வேணும்னா நான் பாட்டிலோட எடுத்துண்டு வரேன்."

மிச்சத்தை எவ்வளவு நேரம் திறந்து வைத்திருந்தாளோ. அதுவும் குப்பைக்குப் போனது.

மருந்துக்கடை கோஷ் நான்காவது பாட்டிலை நீட்டிவிட்டு, அண்ணன் முறை வைத்துக் கேட்டார்: "தாதா, இதை யாராவது சாப்பிடறீங்களா, இல்லையா?"

முப்பத்தோரு வருஷம் பேங்கில் பெட்டகச் சாவி அவரிடம் இருந்தது. ஒரு தடவைகூடத் தவறியதில்லை. வீட்டில் இந்த இரண்டு பெண்பிள்ளைகள் ஒரு பாட்டிலை உருப்படியாக வைத்திருக்க விடவில்லை.

படுக்கையறை இரும்பு பீரோவின் உள்ளறையில் அதை வைத்துப் பூட்டினார். இருட்டு. ஈரமில்லை. சூடில்லை. சாவியைப் பூணூலில் முடிந்துகொண்டார்.

"அவசரத்துக்கு?" என்றாள் பாகீரதி.

"நான்தான் இருக்கேனே."

அவர் முகத்தைப் பார்த்துவிட்டு அடுப்புக்குப் போனாள்.

எட்டு நாள் ஒரு குறையும் இல்லை. ஒன்பதாம் நாள், ரொம்ப நாளைக்குப் பிறகு நிம்மதியாக, இரண்டு பஸ் மாறி, ஒன்றரை மணி நேரத்தில் ஆற்றைத் தாண்டிச் சாந்த்ராகாச்சி போய்ச் சேர்ந்தார். பழைய பேங்க் சிநேகிதர் சந்தானத்திடம், காபி ஆறும்வரை நான்கு பாட்டில்களின் கதையையும் சொன்னார்.

"பேங்க்ல கூட நீர் இவ்வளவு ஜாக்கிரதையா இருந்ததில்லையே," என்றார் சந்தானம்.

"சிரியும். ஒன்பது நாள். ஒருத்தர் கை அதுமேல படலை. கத்தினாத்தான் காரியம் நடக்கறது."

போன் அடித்தது. வீட்டு எண். ஹலோவுக்கு முன்னால் கோபம் வந்துவிட்டது.

"இப்போ யார் எதைத் தொட்டுத் தொலைச்சா?"

ஷெஃபாலிதான் பேசினாள்.

"யாரும் எதையும் தொடலை, மாமா. மாமிக்கு மறுபடியும் நெஞ்சை அடைக்கறது, தன்னோட மாத்திரையைக் கேக்கறா. நீங்க எத்தனை நாழில வருவேள்?"