இடக்கை மட்டையோடு பெண் பார்க்கப் போனது

கலியாணப் பேச்சு நடக்கும் இடத்தில் மாப்பிள்ளையாகப் போகிறவனிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. கேட்டாலும் பதில் சொல்ல அவனை விடுவதில்லை. என் விஷயத்தில் பதில் சொல்லும் பொறுப்பு முழுவதும் அக்காவிடம் இருந்தது. அப்பாவும் அம்மாவும் யாழ்ப்பாணத்தில். யுத்தத்தால் வடக்குக்கான பாதை பூட்டிக் கிடந்த காலம். கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு மாடிக் கட்டடத்தின் உச்சி வீட்டில் நானும் அக்காவும் வாடகைக்கு இருந்தோம். எனக்கொரு கலியாணம் கட்டிவைப்பது அந்த யுத்தத்தில் தனக்கு ஒதுக்கப்பட்ட பணி என்று அக்கா நம்பினாள். (நானும் நம்பினேன். அக்கா நம்பும் ஒன்றை வேறு மாதிரி நம்ப அந்த வீட்டில் இடம் போதாது.)

அப்படித்தான் ஹெவ்லொக் டவுனில் சிவப்பிரகாசம் அங்கிள் வீட்டுக்குப் போனோம். அவர் ஒரு தேயிலைக் கம்பனியில் பெரிய பதவியில் இருந்தவர். வெள்ளை வெளேரென்ற சேர்ட், அளந்து எடுத்த மீசை. அவருடைய மகள் அபிராமிக்கு வங்கியில் வேலை. தட்டில் இருந்த வடையை என் பக்கம் தள்ளி, "இது நான் சுட்டதில்லை, பயப்பிடாமல் சாப்பிடலாம்" என்று மெல்லச் சொன்னாள். அந்த ஒரு வசனத்திலேயே என் கதை முடிந்துவிட்டது. இனி இந்த வீட்டுப் படியால் 'இல்லை' என்ற பதிலோடு இறங்குவதில்லை என்று தீர்மானித்துவிட்டேன்.

அங்கிள் தொண்டையைச் செருமினார்.

"தம்பி விளையாட்டுகள் ஏதும்?"

"ஓம், எல்லாம் விளையாடுவான்," என்றாள் அக்கா.

"கொல்ஃப்?"

"அதுதான் கூட விளையாடுறது."

நான் வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்து அபிராமி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கொல்ஃப் ஆடுபவனைப் பார்க்கும் பார்வை அது. வாயில் வடையை வைத்து அடைத்துக்கொண்டேன்.

"அப்ப நல்லதாப் போச்சு," என்றார் அங்கிள். "வாற மாசம் ஒரு ஞாயிறு என்னோட வாரும். உம்மட மட்டைகளையும் கொண்டுவாரும். விளையாடேக்கதான் ஒரு ஆளின்ர குணம் முழுக்கத் தெரியும். அதுக்குப் பிறகு மிச்சத்தைக் கதைப்பம்."

வீதிக்கு வந்ததும் அக்கா கேட்டாள்: "கொல்ஃப் எண்டா என்னடா?"

"தெரியாமலே ஓம் எண்டனியோ?"

"கரம் போர்ட் மாதிரி ஏதோ எண்டு நினைச்சன். ஒரு மாசம் கிடக்குத்தானே. பழகு."

கொழும்பில் எனக்குத் தெரிந்தவர்களில் கொல்ஃப் மட்டை வைத்திருந்த ஒரே ஆள் கொட்டாஞ்சேனைச் சேவியர். அவன் கப்பல் முகவர் நிலையத்தில் என்னோடு வேலை செய்தவன். ஊருக்குத் திரும்பிய வெள்ளைக்காரக் கப்டன் ஒருவர் கொடுத்துவிட்டுப் போன மட்டைப் பை அவன் வீட்டு மூலையில் நின்றது. வீட்டார் அதற்குள் குடைகளைச் செருகி வைத்திருந்தார்கள்.

குடைகளை எடுத்துவிட்டு மட்டைகளை ஒவ்வொன்றாக உருவினான். தோலின் மணம், இரும்பின் மினுமினுப்பு, தேனில் ஊறப் போட்டது போன்ற மரத்தலைகள். விளையாட்டுச் சாமான் என்றே தோன்றவில்லை. கோயில் வாகனத்துக்கு முன்னால் நிற்பதுபோல் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

"எது நல்ல மட்டை எண்டு எப்பிடியடா பாக்கிறது?"

"பாரமா இருக்கிறது நல்லது," என்றான் சேவியர். (இரும்புச் சட்டி வாங்கப் போகிறவர்களுக்கும் அவன் அதையேதான் சொல்வான்.)

"எனக்கு நீளம் கூடிப்போச்சுப் போல கிடக்கு."

"கப்டன் பனை மாதிரி ஆள். நீ கொஞ்சம் நிமிர்ந்து நில்."

நிமிர்ந்து நின்றேன். அத்துடன் மட்டை தெரிவு செய்யும் காரியம் முடிந்தது. ஆளின் உயரத்துக்கு ஏற்ற நீளம் வேண்டும், கையின் வேகத்துக்கு ஏற்ற தண்டு வேண்டும் என்பதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டவை. அதைவிட முக்கியமான ஒன்றும் இருந்தது. அதை எனக்கும் தெரியாது, சேவியருக்கும் தெரியாது, குடைகளுக்கும் தெரியாது.

முச்சக்கர வண்டியில் வீடு திரும்பும்போது காலி வீதியில் சோதனைச் சாவடியில் மறித்தார்கள். நீளமான பை. அதற்குள் நீளமான இரும்புகள். அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம். இதைவிடக் குறைந்த காரணத்துக்கு உள்ளே போனவர்களை எனக்குத் தெரியும்.

"மொனவத மேவா?" என்ன இதெல்லாம் என்று கேட்டான் இளம் சிப்பாய்.

"கொல்ஃப், சேர்."

அவன் என் செருப்பிலிருந்து தலைவரை பார்த்தான். கொல்ஃப் ஆடுபவன் போல எந்த இடத்திலும் நான் இல்லை. "எஹெனம் கஹலா பென்னன்ன," என்றான். அப்படியென்றால் அடித்துக் காட்டு.

மணல் மூட்டைகளுக்கும் தார்ப் பீப்பாய்களுக்கும் நடுவே நின்று, கையில் வந்த மட்டையைத் தலைக்கு மேலே தூக்கி, இல்லாத பந்தை அடித்தேன். சுழற்சி நிற்கவில்லை. மட்டை என்னையும் இழுத்துக்கொண்டு ஒரு முழுச் சுற்றுச் சுற்றியது. சாரதி வண்டிக்குள் குனிந்தார். சிப்பாய் சிரித்தான். இன்னும் இருவரைக் கூப்பிட்டு மறுபடி அடிக்கச் சொன்னான். அவர்களும் சிரித்தார்கள். இவ்வளவு கேவலமாக அடிப்பவனால் நாட்டுக்கு ஆபத்தில்லை என்று கண்டுகொண்டார்களோ என்னவோ, "யன்ன மல்லி", போ தம்பி என்று விட்டுவிட்டார்கள்.

பழைய புத்தகக் கடையில் படம் போட்ட கொல்ஃப் புத்தகம் ஒன்று வாங்கினேன். பின்னேரங்களில் மொட்டை மாடியில், அக்காவின் கொடிக் கயிற்றுக்குக் கீழே, சுருட்டிய காலுறைதான் பந்து. படத்தில் இருந்தவர் நின்றபடியே நின்றேன். மட்டையின் தட்டையான முகம் இருக்கவேண்டிய பக்கம் முதுகு இருந்தது. முதுகால் அடித்தால் காலுறை என் காலுக்கே திரும்பி வந்தது. யோசித்தேன். அக்காவின் அலுமாரிக் கண்ணாடியை மாடிக்குத் தூக்கி வந்து, கண்ணாடியில் தெரியும் என்னையும் படத்தில் இருந்தவரையும் ஒப்பிட்டு, இரண்டும் ஒன்றாகும்வரை திரும்பித் திரும்பி நின்றேன். என்ன அதிசயம். மட்டையின் முகம் சரியான பக்கம் வந்துவிட்டது. காலுறை பறந்து போய்ப் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தாங்கியில் விழுந்தது. அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினேன். கண்ணாடி, வலக்கைக்காரனான என்னை இடக்கைக்காரனாக்கியிருந்தது எனக்கு விளங்கவேயில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. அங்கிளின் காரில் அன்ரியும் அபிராமியும்கூட இருந்தார்கள். அன்ரி அங்கிளைவிட ஒரு சாண் உயரம். அதிகம் கதைக்காதவர். மடியில் தேநீர்ப் போத்தலும் கிண்ணங்களும் வைத்த கூடை.

மைதானத்துக்குள் நுழைந்ததும் நான் வந்த காரியத்தையே மறந்துபோனேன். கொழும்பில் இவ்வளவு புல் இருக்கிறது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. வேலியில்லை, மூட்டையில்லை, துவக்கோடு நிற்கும் ஆளில்லை. பச்சை சரிந்து, எழும்பி, மறுபடி சரிந்து மரங்களுக்குள் போய் மறைந்தது. நடுவால் ஒரு ரயில் பாதை. வெளியே நாங்கள் எல்லோரும் பையைத் திறந்து காட்டிக்கொண்டு திரிய, இந்த இடம் அது எதையும் அறியாததுபோல் பனியில் நனைந்து கிடந்தது. ஒரு கொக்கு என்னைப் பார்த்தும் பறக்கவில்லை.

அங்கிள் முதலில் அடித்தார். மட்டை மெதுவாகப் பின்னால் போய் ஒரு கணம் தயங்கி நின்றது. இறங்கியதைக் காணவில்லை. சத்தம் மட்டும் கேட்டது, காய்ந்த சுள்ளி முறிவது போல. பந்து ஏறி ஏறிப் போய், வானத்தில் கொஞ்சம் யோசித்துவிட்டு, தூரத்தில் இறங்கியது. எனக்குக் கைதட்ட வேண்டும்போல் இருந்தது.

"இனி நீர்."

நான் என் கண்ணாடி நிலையில் நின்றேன்.

"அட, தம்பி இடக்கையோ? உம்மட அக்கா சொல்லேல்லையே."

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. "ஓம் அங்கிள்," என்றேன். வேறு என்ன சொல்வது.

முதல் அடி காற்றுக்குப் போனது. இரண்டாவதில் பந்து நின்ற இடத்தில் நிற்க, தோசையளவு புல்லும் மண்ணும் பெயர்ந்து பறந்து அங்கிளின் காலில் கிடந்த வெள்ளைச் சப்பாத்தில் இறங்கியது. மூன்றாவது பந்தில் பட்டது. பந்து பக்கவாட்டில் ஒரு மரத்துக்குள் புகுந்தது. காகங்கள் மொத்தமாகக் கிளம்பி எங்களுக்கு மேலே வட்டமிட்டுத் திட்டின.

அங்கிள் பொறுமையானவர். "தலையை ஆட்டாதேயும். பந்தில கண்ணை வையும். இடக்கை நேரா... இல்லை, உமக்கு வலக்கை. பாரத்தை இடக்காலுக்கு... பொறும், வலக்காலோ?" என்று என் முன்னால் நின்று தன் சுழற்சியைத் திருப்பிப் போட்டுச் செய்து காட்டினார். திரும்பத் திரும்பச் செய்து காட்டினார். பிறகு தன்னுடைய அடுத்த பந்தை அடிக்கப் போனார். அது புல்லில் உருண்டு ஓடிப்போய் ஒரு மணற்குழியில் விழுந்தது. அடுத்ததும் அப்படியே. என்னைத் திருத்தப் போன மனுசனின் சுழற்சியையே நான் கெடுத்துவிட்டிருந்தேன். அவர் தன் கைகளை விரித்து மாறி மாறிப் பார்த்தார்.

"தேத்தண்ணி குடிப்பம்," என்றார் கடைசியில். குரலில் கலியாணம் இல்லை.

மர நிழலில் அன்ரி கிண்ணத்தை நீட்டினார். வாங்கினேன்.

"தம்பி," என்றார் அன்ரி, "நீர் வலக்கையாலதானே வாங்கினனீர். காருக்கதவையும் வலக்கையாலதான் திறந்தனீர். வாற வழியில ஆமி மறிச்ச இடத்தில கார்டும் வலக்கையாலதான் காட்டினது."

இனி மறைக்க ஒன்றுமில்லை. அக்கா சொன்ன 'ஓம்', சேவியரின் குடைகள், காலி வீதிச் சுற்று, அலுமாரிக் கண்ணாடி, காலுறை, எல்லாவற்றையும் சொன்னேன். அபிராமி முதலில் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினாள். பிறகு பொத்துவதை விட்டுவிட்டாள். கண்ணீர் வரச் சிரித்தாள். அங்கிள் சிரிக்கவில்லை. சப்பாத்து மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தார்.

அன்ரி மட்டும் பையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப இது இடக்கைக்காரருக்கெண்டே செய்த மட்டையோ? அப்பிடியும் செய்யிறவையோ?"

"ஓம் அன்ரி, போலதான் கிடக்கு."

"நான் இடக்கை," என்றார். "பள்ளிக்கூடத்தில அடிச்சு மாத்திப் போட்டினம். இவற்ர மட்டையைத் தூக்கிப் பார்த்திருக்கிறன். கைக்கு வரேல்லை. விட்டிட்டன்."

"மங்கை, நீ எப்ப தூக்கிப் பார்த்தனி?" என்றார் அங்கிள்.

அன்ரி எழும்பினார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். தலைப்பை இடுப்பில் செருகினார். பையிலிருந்து ஒன்றை உருவினார். எனக்கு நெஞ்சுவரை வந்த மட்டை அவருக்கு அளவெடுத்துச் செய்ததுபோல் இருந்தது. கலியாணம் கட்டிய காலத்திலிருந்து ஞாயிறு தவறாமல் இந்த மர நிழலில் இருந்து பார்த்தவர் அல்லவா. நிற்கும் விதத்தை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

மட்டை மெதுவாகப் பின்னால் போனது. ஒரு கணம் நின்றது. இறங்கியது.

அந்தச் சத்தத்தை என்னால் இன்றும் சரியாகச் சொல்ல முடியவில்லை. அங்கிளின் அடியில் கேட்டது சுள்ளி முறியும் சத்தம். இதில் அதுகூட இல்லை. ஏதோ ஒரு பூட்டு மெத்தென்று திறந்தது போல. பந்து தாழப் போய், எழும்பி, ரயில் பாதைக்கு மேலால், கொக்குக்கு மேலால், நாங்கள் எல்லோரும் வாயைத் திறந்தபடி பார்க்கப் பார்க்கப் போய்க்கொண்டே இருந்தது. பக்கத்தில் ஆடிக்கொண்டிருந்த இரண்டு கனவான்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டுத் தொப்பியைக் கழற்றினார்கள். காகங்கள்கூட ஓய்ந்துவிட்டன. உடம்பெல்லாம் புல்லரித்து நின்றேன். மனிதக் கை ஒன்று அப்படி விடுபட்டதை அதற்கு முன் நான் கண்டதில்லை.

அன்ரி பந்து போன திசையை வெகுநேரம் பார்த்தார். பிறகு தலைப்பை இறக்கிவிட்டு, "தேத்தண்ணி ஆறுது," என்றார்.

அங்கிள் என்னைக் காரில் கொண்டுவந்து விட்டார். எங்கள் வாசல் படலையில் இறங்கி நான் பையைத் தோளில் மாட்டப் போனபோது அன்ரி முன் இருக்கையிலிருந்து சொன்னார்: "அது இருக்கட்டும் தம்பி. ஞாயிறு தேவைப்படும்."

அங்கிள் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நேரே வீதியைப் பார்த்தார். "அக்காவை ஒருக்கா வீட்டை வரச் சொல்லும்," என்றார்.

சேவியர் அந்தப் பையை எங்கள் கலியாணப் பரிசாக எழுதிவிட்டான். அன்ரி அதற்குப் பிறகு மர நிழலில் இருக்கவில்லை. அங்கிளைத் தோற்கடிக்க அவருக்கு அதிக காலமும் எடுக்கவில்லை. கூடையைத் தூக்கிக்கொண்டு நானும் அங்கிளும்தான் பின்னால் நடந்தோம். நான் பிறகு கொல்ஃப் மட்டையைத் தொட்டதில்லை. தொட விட்டதுமில்லை.

பிள்ளைகள் வளர்ந்து, உங்கள் கலியாணம் எப்படி நடந்தது என்று கேட்கத் தொடங்கியபோது நான் ஒவ்வொரு முறையும் அந்த வடையிலிருந்து ஆரம்பிப்பேன். அபிராமி என்னை முடிக்க விட்டதில்லை.

"அம்மம்மாவுக்கு மட்டை பிடிச்சுப்போச்சு," என்பாள். "அதோட வந்தவரைத் திருப்பி அனுப்பினா மரியாதையில்லையெண்டு வைச்சுக்கொண்டம்."